நீ எழுதிய பலகைக்குக் கீழே

சூசை,

நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்று கான்வெண்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே சுகம் இல்லை. அதனால் அந்த வரியைத் தாண்டி வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் காகிதம் போன வாரம் வந்தது. இங்கே பினாங்கில் செய்த மாதிரியே கோலாலம்பூரிலும் தெருப் பலகைகளுக்கு எழுத்து வரைகிற வேலையை உன்னிடமே கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எழுந்துபோய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பெருமைதான், பெற்ற வயிறு குளிராமல் இருக்குமா? ஆனால் கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாயே, 'அப்பாவை வெளியே விடாதீர்கள், கதவைப் பூட்டி வையுங்கள்' என்று, அதைப் படித்தபோது வந்த ஆத்திரத்தில் அந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டேன். பிறகு பாவம் என்று மறுபடியும் ஏற்றினேன்.

பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். நீ கப்பலேறும்போது பார்த்த அப்பா வேறு, இப்போது இந்த வீட்டில் இருக்கிற அப்பா வேறு, முதலில் அதைத் தெரிந்துகொள். அப்போது மறதி என்றால் செருப்பை எங்கே விட்டோம், சாப்பிட்டோமா இல்லையா என்கிற மறதி. நாமும் சிரித்தோம், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இப்போது சில நாட்களில் என்னைப் பார்த்தே, 'நீங்க யாரு வீட்டு அம்மா?' என்று கேட்கிறார். கட்டிய நாளிலிருந்து 'ஏ புள்ள' என்றே கூப்பிட்ட மனுஷன். இந்த வயதில் கிடைக்கிற இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்? ஆஸ்பத்திரியில் காட்டினேன். வயசாயிட்டா இப்படித்தான் அம்மா, இதுக்கு மருந்து கிடையாது, பக்கத்தில் இருந்து பார்த்துக்குங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

மனசு நின்றுபோனாலும் கால் நிற்கவில்லை. தொங்கான் படகு என்ன, கப்பல் என்ன, பலகை மேல் நடந்து ஏறி இறங்கி, மூட்டைகளுக்குக் குறி போட்டே காலம் கழித்த கால் அது. காலையில் கோப்பியைக் குடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, துறைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். துறையில் அவருக்கு வேலை இல்லாமல் போய் எவ்வளவோ காலமாயிற்று. நானும் முதலில் பதறினேன். பிறகு பார்த்தால், எங்கே சுற்றினாலும் மத்தியானச் சோற்றுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார். எப்படி வருகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் நின்று, தலையைத் தூக்கி, தெருப் பலகையை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, 'ஆங், அப்படின்னா இப்படித்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினார். மனுஷர் முகம் எல்லாம் மறந்துபோய்விட்டது, தமிழ் எழுத்து மட்டும் மறக்கவில்லை. மாதாவே, இதாவது மிச்சம் வைத்தாயே என்று அன்றைக்கு நான் நடுத்தெருவில் நின்று கும்பிட்டேன்.

பழைய பலகைகளை உனக்கு நான் சொல்லவேண்டுமா? மரப்பலகை, வெள்ளைப் பூச்சு, கறுப்பு எழுத்து. மேலே இங்கிலீஷ் இருக்கும். நம் பக்கத்துத் தெருக்களில் மட்டும் அதற்குக் கீழே, நம்மவர்கள் அந்தத் தெருவுக்கு வைத்துக்கொண்ட பெயரைத் தமிழில் எழுதியிருப்பார்கள். யார் எழுதியது, யாரைக் கேட்டு எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டே இருக்காது. சூலியா தெருப் பலகையில் எழுத்தெல்லாம் தடித் தடியாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கடைத் தெருவில் எழுதினவன் இடம் போதாமல் கடைசி எழுத்தைச் சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டான். நம் படகுக்காரத் தெருவில் 'த'வின் வால் இவ்வளவு நீளம் இழுத்து விட்டிருக்கும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனால் அந்த வாலைத் தொட்டுப் பார்த்தால்தான் இறங்குவாய், இல்லையென்றால் ஒப்பாரி.

நீ எழுத்தைப் பிடித்துக்கொண்டதே அந்தப் பலகைகளில்தான். பள்ளிக்கூடம் போகிறதற்கு முன்னாலேயே கரித்துண்டு ஒன்று கிடைத்தால் போதும், துறையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிச் சுவர் பூராவும் நீ பார்த்த பலகைகளை எழுதி வைப்பாய். அப்பா வேலை முடிந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இரண்டு பேரையும் காணோம் என்று நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். வந்ததும், 'சோறு ஆறி அவலாப் போச்சு, ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க?' என்று கத்துவேன். அவர் அசையமாட்டார். 'தம்பி எழுதிக்கிட்டு இருந்தான், புள்ள. பாதியில இழுத்துக்கிட்டு வர்றதா? முடிச்சிட்டு வரட்டும்னு நின்னேன்' என்பார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் கேலி பண்ணியிருக்கிறார்கள், மகன் சுவரைக் கிறுக்குகிறான், அப்பன் காவல் நிற்கிறான் என்று. அவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது. எனக்குத்தான் ஏறும். நான் உன்னை அவசரப்படுத்தியே வளர்த்தேன், அவர் உனக்காக நின்றே வளர்த்தார்.

பிறகு புதுப் பலகை வந்தது. ஊர் பூராவும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மாதிரி எழுத்து, அதுவும் இங்கிலீஷ் பெரிய எழுத்து மட்டும் என்று நீ வேலை பார்த்த முனிசிபல் கந்தோரில் துரைமார் முடிவு பண்ணி, அதை வரைகிற வேலையை உன் கையில் கொடுத்தார்கள். நீ அந்தக் காகிதச் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்த சாயங்காலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு ஓரத்தில் கோப்பிக் குவளை, மறு ஓரத்தில் அப்பாவின் கால். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். 'கீழ தமிழ் எங்கடா?' என்றார். 'இனிமே இல்லப்பா. ஒரே மாதிரி வேணும்லா. கீழ ஒரு வரி வந்தா மேல எழுத்து சின்னதாப் போயிடும், தூரத்துல இருந்து தெரியாது' என்றாய். 'அப்படியா? சரி சரி. எழுத்து நல்லாத்தான் இருக்கு. கம்பு நட்ட மாதிரி நேரா நிக்குது' என்று சிரித்தார். நானும்தான் சிரித்தேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, ராசா. அன்றைக்கு நம் மூன்று பேருக்கும் சந்தோஷம்தான். நீ சின்ன உத்தியோகஸ்தன், சொன்னதைச் செய்தாய், அதையும் அழகாகச் செய்தாய்.

நீ போன பிறகுதான் நம் தெருப் பக்கம் மாற்றினார்கள். மரப்பலகைகளைப் பெயர்த்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். மங்குத் தட்டு போலப் பளபளவென்று நீலத் தகடு, வெள்ளை எழுத்து. நன்றாகத்தான் இருந்தது. நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், 'பாருங்க, உங்க மகன் எழுத்து' என்று காட்டினேன். கையை நீட்டித் தடவிப் பார்த்தார். 'சூசை எழுத்தா? சூசை எழுத்தா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வழியில் எத்தனை பலகை வந்தாலும், 'இதுவும் அவன் எழுத்துதானே?' என்பார். ஆமாம் என்பேன். ஊரே உன் எழுத்தாகிவிட்டது, அதில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்க வரவில்லை. எல்லாப் பலகைக்கும் ஒரே முகம். தடி எழுத்தும் இல்லை, வாலும் இல்லை. அந்த வாரத்திலேயே அவர் முதல்முறை வீட்டுக்கு வராமல் போனார்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். நம் தெருமுனையில் வந்துதான் நின்றிருக்கிறார். பலகையைப் பார்த்துத் திகைத்து நிற்கிறதைக் கண்டு அந்த மாத்தா-மாத்தா, முனையில் நிற்பாரே மலாய்ப் போலீஸ்காரர், நல்ல மனுஷன், அவர் வந்து பலகையைப் படித்துச் சொல்லியிருக்கிறார், 'பாக், பெரியவரே, இதுதான் கிங் ஸ்ட்ரீட். உங்க வீடு இங்கதான்' என்று. இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'இல்லலா. என் வீடு படகுக்காரத் தெருவுல. கிங் ஸ்ட்ரீட்ல எனக்கு யாரையும் தெரியாது.' சொல்லிவிட்டு நம் வாசலைத் தாண்டி நடந்திருக்கிறார், சூசை. நான் உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் சுங்கை பினாங்கில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரை ஒரு ரிக்‌ஷாக்காரன் ஏற்றிக்கொண்டு வந்தான். அந்தப் போலீஸ்காரர் பாவம், மறுநாள் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சரியாகப் படித்துச் சொன்னதற்கு ஒருத்தர் மன்னிப்புக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் தெருவுக்கு நாம் ஒரு பெயர் வைத்துக்கொண்டோம், துரைமார் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துவைத்திருந்த மண்டை இப்போது வேலை செய்யவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. இங்கிலீஷ் எழுத்தை அவருக்குக் காட்டிக்கொடுக்கப் பார்த்தேன். காலையில் தலையாட்டுவார், மத்தியானம் என்ன எழுத்து, யாருடைய எழுத்து என்பார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி விலாசத்தை இங்கிலீஷில் எழுதி வாங்கி, ஒரு துணியில் ஒட்டி, சட்டைப் பைக்கு மேல் தைத்துவிட்டேன். குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. 'என்ன இது? என்னைய மூட்டைன்னு நெனச்சியா? குறி போட்டு எந்தக் கப்பல்ல ஏத்தப் போற?' என்று பிய்த்து எறிந்தார். காலமெல்லாம் மூட்டைக்குக் குறி போட்டவருக்கு அது மட்டும் மறக்கவில்லை பார். நான் அந்தத் துணியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தச் சட்டையை அவர் தொடவே இல்லை.

பிறகு உன் பழைய கந்தோருக்கே போனேன். போகாதே என்று நீ சொல்லியிருப்பாய், அதனால்தான் உனக்கு எழுதாமல் போனேன். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனேன். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர், நம் கோவிலுக்கு வருகிறவர், இருக்கிறார், அவரிடம் கெஞ்சினேன். ஊர் முழுதும் கேட்கவில்லை தம்பி, எங்கள் தெருமுனையில் மட்டும் கீழே ஒரு வரி எழுதிக்கொள்ள விடுங்கள் என்றேன். அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். நீ வரைந்த காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 'அம்மா, இது உங்க மகன் போட்ட அளவு. மேல எவ்வளவு, கீழ எவ்வளவு இடம் விடணும்னு எல்லாம் இதுல இருக்கு. கீழ ஒண்ணும் எழுதக்கூடாதுன்னே இருக்கு. நான் ஒரு புள்ளி வச்சாலும் என் வேலை போயிடும்லா' என்றார். நியாயம்தானே? அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. நான் அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் நானே எழுதினேன். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, தென்னங்குச்சியால், பலகைக்குக் கீழே சுவரில், படகுக்காரத் தெரு என்று. கை எட்டவில்லை, முக்காலி போட்டு ஏறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மத்தியானம் அப்பா வந்தார். நின்றார். படித்தார். என் கண்ணால் பார்த்தேன், முகம் மலர்ந்துவிட்டது. 'யாருப்பா இது, கோழி கிளறின மாதிரி எழுதி வச்சிருக்கிறது?' என்று சிரித்துக்கொண்டே நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சோறு கேட்டார். என் கையெழுத்தை அவர் எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன். மழை வந்து கரைத்தது, மறுபடி எழுதினேன். மறுபடியும் கரைத்தது. அப்புறம் கந்தோர் ஆட்கள் வந்து, பலகை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சுவரையே வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பு எங்கே தெரியும்? அந்தப் போலீஸ்காரர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார், 'இனிமே எழுதாதீங்கம்மா, எழுதினா நான் புடிக்கணும்.' சரி என்றேன்.

அதற்குப் பிறகுதான் பூட்டினேன். நீ எழுதுவதற்கு முன்னாலேயே. வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாசாருக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்து பூட்டில் கை வைக்கும்போது உள்ளேயிருந்து மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. கத்தவில்லை, உதைக்கவில்லை. 'இது யாரு வீடுன்னு தெரியலைங்க. தயவுசெஞ்சு கதவைத் தொறந்து விடுங்க. என் பொஞ்சாதி சோத்தை வச்சுக்கிட்டுக் காத்திருப்பா' என்றார். கூடையை வாசலிலேயே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுகிற மனுஷனை எந்தப் பூட்டு போட்டு வைக்கச் சொல்கிறாய்? அன்றோடு பூட்டுவதை விட்டேன், அவர் கிளம்பிப் போனால் நானே தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ தூரத்தில் இருக்கிறாய், பயத்தில் எழுதினாய், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும். எழுதுகிறதற்கு முன்னால் அந்த வாசலில் நீ நின்று பார்த்ததாக நினைத்துப் பார்த்து எழுது.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நேற்று மத்தியானம் மழை கொட்டியது. சூலியா தெருவில் காசு மாற்றுகிற ராவுத்தர் குடையோடு நம் வாசலில் வந்து நின்றார். 'தங்கச்சி, அண்ணன் நம்ம கடை முன்னால மழையில நிக்கிறாரு. உள்ள வந்து உட்காருங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு. தெனமும் ஏதாவது ஒரு முனையில இப்படித்தான் நிக்கிறாரு. வழி தெரியாம நிக்கிறாருன்னு நெனச்சேன், கூட்டிக்கிட்டு வரேன்னு சொன்னா வேணாங்குறாரே' என்றார். ஓடினேன். உன் நீலப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். குடையைப் பிடித்து, 'வாங்க, வீட்டுக்குப் போவோம்' என்றேன். திரும்பிப் பார்த்தார். நேற்று அவருக்கு என்னைத் தெரிந்தது, சூசை.

'ஏ புள்ள, சத்தம் போடாத. சூசை எழுதிக்கிட்டு இருக்கான்' என்றார்.

'எங்கங்க எழுதுறான்?' என்றேன். பலகையைக் காட்டினார். 'பாரு, மேல முடிச்சிட்டான். கீழ இன்னும் எழுதல. பாதியில இழுத்துக்கிட்டு வர்றதா? முடிச்சிட்டு வரட்டும், நிக்கிறேன்.'

இத்தனை நாளும் அவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். வாத்தியாரிடம் ஓடினேன், கந்தோருக்கு ஓடினேன், சுவரில் ஏறிக் கிறுக்கினேன். அவர் ஒவ்வொரு முனையிலும் உனக்காகத்தான் நின்றிருக்கிறார். 'அவன் எழுதி முடிச்சிட்டாங்க' என்று நான் சொல்லிப் பார்த்தேன், கீழே இருந்த வெற்று இடத்தைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். மழை விடுகிற வரைக்கும் நானும் கூடவே நின்றேன்.

கீழே எழுத உனக்கும் அதிகாரம் இல்லை, எனக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை. லீவு கேட்டுப் பார். ஒரே ஒரு தடவை வந்து, அவர் பக்கத்தில் நின்று, தோளைத் தொட்டு, 'முடிச்சிட்டேன்பா, போவோம்' என்று உன் வாயால் சொல். நீ வருகிற அன்றைக்கு அவருக்கு உன்னைத் தெரியுமா என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாமலும் போகலாம். அதற்கும் சேர்த்து மனதைத் தயார்பண்ணிக்கொண்டு வா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வரும் போலிருக்கிறது. அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

உன் அம்மா